இடது கைக்கு மட்டும்

அலுவலகத்தில் அவளுக்கு ரயில் என்று பெயர். பழைய தட்டச்சு இயந்திரம் இருந்த காலத்தில் வைத்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் இயந்திரத்தின் மணி அடிக்கும். அவள் அடிக்கிற வேகத்தில் அந்த மணியையும் சேர்த்துக் கேட்டால் வண்டி ஒன்று ஸ்டேஷனில் நிற்காமல் போவதுபோல இருக்கும் என்றார்கள். பிறகு கணினி வந்தது. சத்தம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. புதிதாக வந்து சேர்ந்த ஜூனியர்கள் காரணம் தெரியாமலேயே ரயிலக்கா என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம் அது. உயில், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். எதையும் அவள் படிப்பதில்லை. கண் வழியாக உள்ளே வந்தது மூளையில் உட்காராமல் நேராக விரலுக்குப் போய்விடும். ஒருமுறை அவள் குடியிருந்த வீட்டையே வீட்டுக்காரர் வேறொருவருக்கு விற்றார். அந்தப் பத்திரத்தை அடித்துக் கொடுத்தது அவள்தான். வீடு கைமாறிய செய்தி சாயங்காலம் கணவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

தட்டச்சுப் பள்ளியில் கைகளுக்கு மேல் ஒரு பலகையைப் பொருத்திவிடுவார்கள். பார்க்காமல் அடிக்கப் பழக வேண்டும். அப்படிப் பழகியதில், இன்ன எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கையைக் காற்றில் தூக்கி, எந்த விரல் அசைகிறது என்று பார்த்துத்தான் சொல்வாள். அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த இயந்திரத்தில் இடம் விடும் கட்டை வலப்பக்கம் தேய்ந்து போயிருந்தது. அதனால் எல்லாரும் வலது கட்டைவிரலால் இடம் விட, அவள் இடது கட்டைவிரலால் விட்டாள். அது அப்படியே நின்றுவிட்டது.

அவள் கணவர் பியானோ வாசிப்பவர். மேடை ஏறியவர் இல்லை. குழந்தைகளுக்கான நடனப் பள்ளி ஒன்றில் மூலையில் உட்கார்ந்து, ஆடுகிற கால்களைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது அவர் உத்தியோகம். ஒரு குழந்தை தடுமாறி நின்றால் மெட்டும் அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தை காலைத் தூக்கியதும் கிளம்பும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் "பிள்ளை மேய்க்கிறேன்" என்பார். ஆகச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வருவதற்கென்று அவரே ஒரு மெட்டுப் போட்டிருந்தார். மூன்று எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குதிகால் தூக்கி வர வேண்டும். அதற்குப் பெயர் கிடையாது. உள்ளே வருகிற மெட்டு, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவருக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. கால் பெரும்பாலும் திரும்பி வந்தது. பேச்சு முழுதாக வந்தது. தேவைக்கு மேலேயே வந்துவிட்டது என்பாள் அவர் தங்கை. இடது கை மட்டும் வரவில்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தைப்போல அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

முன்னறை மூலையில் பியானோ மூடிக் கிடந்தது. முதலில் அதன்மேல் செய்தித்தாள் வந்தது. பிறகு மருந்துப் பெட்டி. பிறகு தேய்த்த துணிகள். கடைசியில் மின்விசிறி வாங்கிய அட்டைப்பெட்டியும் ஏறிக்கொண்டது. பார்க்க வந்த ஒருவர், இன்னொரு கை இருக்கிறதே, அதை வைத்து வாசிக்கலாமே என்று ஆறுதலாகச் சொன்னார். "நீங்க ஒரு காலைக் கழட்டி வெச்சுட்டு அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க, நான் வாசிக்கிறேன்" என்றார் இவர்.

அந்த வாரமே நடனப் பள்ளியை நடத்தும் அம்மாவுக்குப் போன் செய்து, பியானோவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். சும்மா கிடக்கிறது, பிள்ளைகளுக்காவது ஆகட்டும் என்றார். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை ஆட்களை அனுப்புவதாக அந்த அம்மா சொன்னார்.

இவளுக்குப் பியானோ மேல் பிரியம் என்று ஒன்றும் கிடையாது. துடைக்க வேண்டிய ஒரு சாமான். ஆனால் அது வாசலைத் தாண்டிவிட்டால் அவர் அதோடு முடிந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் ஒரே ஒரு தடவையாவது அவரை அதன் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. சொல்லிப் பார்க்க முடியாது. அவருக்குச் சொல்லால் பதில் சொல்ல நன்றாக வரும்.

நாத்தனாருக்குப் பயிற்சிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பட்டன் அளவு மோட்டார்களைக் கையுறைகளில் வைத்துப் பற்றவைப்பது அவள் பொறுப்பு. பியானோ கற்றுக்கொள்கிறவர்களுக்கான கையுறை அது. மாட்டிக்கொண்டால் காதில் மெட்டு கேட்கும். எந்த விரல் எப்போது அழுத்த வேண்டுமோ, அந்த விரலில் அப்போது ஒரு தட்டு. கவனிக்கக்கூட வேண்டாம், வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம், விரல் தன்பாட்டுக்குக் கற்றுக்கொள்ளும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. உணர்ச்சி போன கைகளுக்கும் பிரயோஜனப்படுமா என்று சில டாக்டர்கள் விசாரித்திருந்தார்கள். அதைக் கேட்டதும் நாத்தனார் தன் அண்ணனுடைய பழைய குளிர்காலக் கையுறை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். பள்ளி விழாவில் எடுத்த பழைய வீடியோ ஒன்றிலிருந்து, உள்ளே வருகிற மெட்டின் இடது கைப் பகுதியை மட்டும் கம்பெனியின் சங்கீதக்காரரை விட்டுப் பிரித்து எழுதவைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள்.

"என்னது?"

"கையுறை."

"குளிர்காலம் போயிருச்சே."

"மாட்டிப் பாருண்ணா. விரல்ல தட்டும். உன் மெட்டுதான்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஓடிய மெல்லிய ஒயர்களை நகத்தால் தடவினார். "தூங்குறவனைத் தட்டினா எழுந்திரிப்பான். இதைத் தட்டி என்ன ஆகப்போகுது?"

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டரோட கையா இது?" கையுறையைத் தேய்த்த துணிகளுக்கு மேல் எறிந்தார். "பியானோ போறப்போ இதையும் சேர்த்து அனுப்பிடுங்க."

நாத்தனார் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சின்ன வயசுல இவன் மருந்தே குடிக்க மாட்டான், அண்ணி. முதல்ல நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டணும். எனக்குக் காய்ச்சலே இருக்காது, பாதி பாட்டில் என் வயித்துக்குள்ள போகும்."

"இப்பவும் அப்படித்தான்."

"இப்ப யாரு குடிச்சுக் காட்டறது?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். துணிகளை அலமாரியில் அடுக்குகிற மாதிரி அள்ளிக்கொண்டு வந்தாள். கையுறையும் கூடவே வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். அவர் அளவுக்குச் செய்தது, தொளதொளவென்று இருந்தது. ஆபீஸ் ரப்பர் வளையங்களை ஒவ்வொரு விரலிலும் போட்டு இறுக்கினாள். காதில் மெட்டு வந்தது. மெட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. அடியில் ஓடும் மூன்று மூன்று ஒலிகள்தான். சுண்டுவிரலில் ஒரு தட்டு, நடுவிரலில் ஒன்று, ஆட்காட்டி விரலில் ஒன்று. மறுபடி சுண்டுவிரல். கொஞ்ச நேரம் கூசியது. பிறகு யாரோ தெரிந்தவர் கூப்பிடுவதுபோல ஆனது. தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் கற்றதும் இதுதான். இந்த விரல், அடுத்து இந்த விரல். ஏன் என்று கேட்கக் கூடாது.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் அடித்ததை ஒப்புப் பார்க்கும் நேரத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார், அவள் நகலைக் கண்ணால் தொடர்வாள், கைக்கு வேலை இருக்காது.

"ரயிலக்கா, ஒரு கைக்கு மட்டும் குளிருதா?" என்றாள் ஜூனியர் பெண்.

"இன்னொரு கைக்கு இன்னும் சம்பளம் வரலை" என்றாள் அவள்.

கொஞ்ச நாளில் பெரிய வக்கீல் அவளை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு வாடகை ஒப்பந்தம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"வாடகைதாரர் மேற்படி வீட்டை நல்ல நிலையில் வைத்துக்கொண்டு யனக யனக யனக யனக ஒப்படைக்க வேண்டியது." நிமிர்ந்தார். "யாரும்மா இந்த யனக? மூணாவது பார்ட்டியா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் அடித்ததுதான். சுண்டுவிரல், நடுவிரல், ஆட்காட்டி விரல், பிறகு கட்டைவிரலால் ஓர் இடம். நான்கு முறை. இருபத்தைந்து வருடத்தில் அவள் பெயரில் இப்படி ஒன்று வந்ததில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

"சார், கைக்குப் பாடம் ஏறியிருச்சு."

"எந்தப் பாடம்?"

"பியானோ."

பெரிய வக்கீல் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "கட்சிக்காரர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி அந்த யனகவைக் காலி பண்ணு" என்று காகிதத்தை நீட்டினார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நாத்தனாரின் கம்பெனிக்குப் போனாள். சோதனை அறையில் ஓர் எலெக்ட்ரானிக் கீபோர்டு இருந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைகளின் மேல் விரலை ஓட்டித் தேடினாள்.

"புள்ளி எங்க?"

"என்ன புள்ளி?"

"விரல் வைக்கிற இடத்துக்குப் புள்ளி இருக்கணுமே. மேடா."

பியானோவில் அதெல்லாம் கிடையாது அண்ணி என்று சொல்லிவிட்டு, நாத்தனார் ஒரு கட்டையின் மேல் பசை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தாள். சுண்டுவிரல் அங்கே. சின்னப் பிள்ளைகளுக்கான மெட்டு, கை இடம் மாறவே மாறாது, விரல் வரிசைதான் அங்கங்கே மாறும்.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். விரல்கள் போயின. அவள் எதையும் நினைக்கவில்லை. அடுத்தது எது என்று நினைத்திருந்தால் நின்றிருக்கும். வரிசை மாறும் இடத்தில்கூட அதுவாக மாறிக்கொண்டது. முடித்துவிட்டுத் திரும்பியபோது நாத்தனார் வாயைக் கையால் மூடியிருந்தாள்.

"என்ன, தப்பா?"

"எல்லாம் சரி, அண்ணி. ஒண்ணே ஒண்ணுதான். மூணு மூணா வரணும். நீங்க நாலு நாலா வாசிக்கிறீங்க."

திரும்ப வாசித்தாள். இந்த முறை காது கொடுத்துக் கேட்டாள். சுண்டுவிரல், நடுவிரல், ஆட்காட்டி விரல், உடனே கட்டைவிரல் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்தது. மூன்று எழுத்து அடித்தால் ஒரு சொல். சொல் முடிந்தால் இடம் விட வேண்டும். கட்டைவிரலுக்கு யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இந்த மெட்டுக்கு ஆடினா பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு விழும்" என்றாள் நாத்தனார்.

கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தார்கள். மற்ற விரல்கள் துணையைக் காணாமல் நின்றுவிட்டன. நாத்தனார் கையுறையைப் பிரித்து, கட்டைவிரல் வரப்போகும் நேரத்தில் அதட்டுவதுபோல அங்கே ஒரு தட்டு வைத்தாள். தட்டு வந்தால் அழுத்த வேண்டும் என்றுதான் அத்தனை நாளும் அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் போட்டதில் கட்டைவிரல் இன்னும் திடமாக அழுத்த ஆரம்பித்தது.

"நான் அதட்டறதுக்குப் பதிலா செல்லம் குடுத்துட்டேன்" என்றாள் நாத்தனார். தட்டை எடுத்துவிட்டாள். விரல் நிற்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு. அதற்கு அடுத்த நாள் ஆட்கள் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் அவள் பியானோ மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். மருந்துப் பெட்டியை, செய்தித்தாள்களை இறக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள்.

"நாளைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னைக்கு எதுக்கு அலங்காரம்?" என்றார் ஜன்னல் பக்கத்திலிருந்து.

"தூசியோட குடுத்தா என்ன நினைப்பாங்க?"

"நான் குடுக்கறது பியானோ. தூசி இலவசம்."

அவள் மூடியைத் திறந்தாள். இரண்டு வருடமாகத் திறக்காத மூடி. உள்ளேயிருந்து மரவாசனை வந்தது. ஒரு கட்டையின் மேல் பசைச் சொட்டு வைத்தாள், ஊதிக் காயவைத்தாள். எந்தக் கட்டை என்று நாத்தனார் ஒரு துண்டுத் தாளில் வரைந்து கொடுத்திருந்தாள். அவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து சுண்டுவிரலைச் சொட்டின் மேல் வைத்தாள்.

வாசித்தாள்.

வேறு யார் கேட்டிருந்தாலும் அது ஒன்றுமில்லை. சுவரில் யாரோ ஆணி அடிப்பதுபோல, ஏறி இறங்கும் கொஞ்சம் ஒலிகள். அதற்கு மேலே வர வேண்டியது எதுவும் அதில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் பியானோவைச் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் அந்த ஒலிகளைத் தன் இடது கையால் போட்டு, அதன்மேல் இன்னொன்றை நடத்திக்கொண்டு போனவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் அடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அவர் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"யார் சொல்லிக்குடுத்தது?"

"கையுறை."

"அதை அவ எடுத்துட்டுப் போயிட்டான்னு நினைச்சேன்."

"என் பையிலதான் இருந்துச்சு."

"அந்த நாலாவது எங்கருந்து வந்தது?"

"அது என்னோடது. நிறுத்த முடியலை."

அவர் முகம் மாறியது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குச் செஞ்சதை எடுத்து நீ மாட்டிக்கிட்டே. என் கை வேலை செய்யலைன்னா அதை வேற ஒருத்தர் மாட்டிக்கிட்டுப் போயிடலாமா? கேக்க வேண்டாமா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

அவர் பால்கனிக்குப் போய்விட்டார். அவள் மூடியைச் சாத்தப் போனாள், பிறகு சாத்தவில்லை. சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தாள். நன்றாக நினைத்துத்தான் செய்தோம், ஆனால் ஒரு மனிதனிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டோமோ என்று மனதில் ஓடியது. ஒரு மெட்டின் அடிப்பாகத்தை எடுத்துவிட்டால் மேல்பாகம் எங்கே நிற்கும்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமும் ஒரு காரணம்.

சாதம் வெந்துகொண்டிருந்தபோது முன்னறையில் ஓர் ஒலி கேட்டது. ஒற்றை ஒலி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே. அவளுடைய நாலாவது. யாரோ அதை மட்டும் அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்த்தார்கள். பிறகு அதற்கு மேலே ஓர் ஒலி சேர்ந்தது. பொருந்தவில்லை. வேறொன்று. அதுவும் பொருந்தவில்லை.

"இங்க வா."

ஈரக் கையோடு போனாள். அவர் பியானோவின் வலப்பக்கம் சுவருக்கும் அதற்கும் நடுவில் இடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"கையைத் துடை. உக்காரு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

ஆரம்பித்தாள். இரண்டு சுற்றுவரைக்கும் அவர் சும்மா நின்றார். மூன்றாவது சுற்றில் வலது கையை இறக்கினார். மெட்டு வந்தது. அவளுக்கு அது தெரியும். எத்தனையோ தடவை பள்ளி வாசலில் அவருக்காகக் காத்திருந்தபோது கேட்டதுதான். ஆனால் தன் விரலுக்கு மேலேதான் அது இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. நாலாவதில் மெட்டு முட்டிக்கொண்டது.

"கட்டைவிரலை எடு."

"எடுக்க வராது."

"வராதுன்னா என்ன அர்த்தம்? உன் விரல்தானே?"

"உங்க கையும் உங்க கைதானே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் தொங்கிய தன் இடது கையைப் பார்த்தார். பிறகு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது.

"மறுபடி" என்றார்.

முட்டியது. மறுபடி. முட்டியது. எரிச்சலில் முனகினார். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு உலகத்தில் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள் என்றார். ஆபீசில் இந்தக் கையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். திட்டுவதற்கெல்லாம் நின்றால் ரயில் இல்லை. சாதம் அடிபிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

எந்தச் சுற்றில் என்று தெரியாது, அவர் நாலாவதைத் தாண்டிப் போகவில்லை. குழந்தை தடுமாறும்போது செய்வதுபோல அங்கேயே நின்றார். அவள் கட்டைவிரல் தொட்ட ஒலியின் மேல் தன்னுடைய ஒன்றை மெதுவாக வைத்தார். பொருந்தியது. அடுத்த சுற்றில் அந்த இடத்துக்கு ஒரு சின்ன வளைவு போட்டார். மூன்று காலில் நடந்த மெட்டு நாலு காலில் நடக்கத் தொடங்கியது. பழைய மெட்டுத்தான், கொஞ்சம் தடித்துவிட்டது, அவசரமில்லாமல் இருந்தது.

"இது பிள்ளைங்க உள்ள வர்ற மெட்டு இல்லை" என்றார். "பிள்ளைங்களோட அப்பா அம்மா உள்ள வர்ற மெட்டு."

மத்தியானம் அடிபிடித்த சாதத்தைச் சாப்பிட்டார்கள். நாளைக்கு ஆட்கள் வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வார்த்தையாக வந்துவிடும். அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு தடவை. அது கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சரியாகச் சொல்லிக்கொள்ள வரவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு சொத்துப் பிரிவினைப் பத்திரம் அடித்தாள். ஆட்கள் வரும் நேரம் வந்து போனது. வீட்டுக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்தாள், வைத்துவிட்டாள். சாயங்காலம் பெரிய வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "இன்னைக்கு யனக வரலையா?" என்றார். வரவில்லை சார் என்றாள்.

மாடிப்படி ஏறும்போது சுவரில் புதிய கீறல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினாள். பியானோவை இந்தப் படியில் இறக்கினால் சுவரைக் கீறாமல் இறக்க முடியாது. கீறல்கள் நிறைய இருந்தன. எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியவில்லை.

கதவு திறந்திருந்தது. முதலில் அவள் கண்ணில் பட்டது காலியான மூலை. சுவரில் வெளுப்பாக ஒரு நீள்சதுரம். தரையில் தூசி, ஒரு சீப்பு, காய்ந்துபோன மாத்திரை ஒன்று. அவள் பையின் பிடியை இறுக்கிக்கொண்டாள். பிறகுதான் உள்ளே கால் வைத்து, கதவு மறைத்திருந்த பக்கம் பார்த்தாள். பியானோ அறை நடுவில் கோணலாக நின்றது. அதைச் சுற்றி ஒரு கயிறு. அதன் முன்னால் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டு. வலப்பக்க நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க. நல்ல பசங்க. இடிக்காம நகர்த்துனாங்க."

"அப்புறம்?"

"இதுவரைக்கும் வந்ததும் போதும்னுட்டேன்."

"திருப்பி மூலையில வெக்கச் சொல்லியிருக்கலாமே."

"அங்க ரெண்டு நாற்காலி கொள்ளாது."

அவள் கயிற்றைப் பார்த்தாள். அதை அவிழ்க்க இரண்டு கை வேண்டும், அவர் முடிச்சோடு கொஞ்சம் போராடியிருப்பது தெரிந்தது.

"பள்ளிக்கூடத்து அம்மா?"

"போன் பண்ணாங்க. என்ன ஆச்சு, மனசு மாறிட்டீங்களான்னாங்க. இடது கை ஆபீசுக்குப் போயிருக்கு, சாயங்காலம்தான் வரும்னேன்."

"அதுக்கு?"

"முதல்ல சிரிச்சாங்க. அப்புறம், சனிக்கிழமை வகுப்பு இருக்கு, அன்னைக்கு இடது கைக்கு லீவான்னு கேட்டாங்க."

அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. அவர் வலது கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கயிறு தளர்ந்து கீழே விழுந்தது. அவள் இடப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அரை நாள்தான் லீவு" என்றாள்.